8 ஜிபி லெப்டொப், சிங்கப்பூரில சேர்வர்: டெர்மினலுக்கு முதல்ல எதைப் போடுறது?

தெஹிவளை_நோட்

எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், டபிள்யூஎஸ்எல் 2க்குள்ள (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற வசதி) உபுண்டு 24.04. வேலை நோட் ஜேஎஸ், கொஞ்சம் பைத்தன். சேர்வர் சிங்கப்பூர் ரீஜன்ல, அதுவும் உபுண்டுதான், அங்க ஷெல் (கமாண்ட வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்) பாஷ். லெப்டொப்ல ஸீஷெல் எண்ட ஷெல், அதுக்கு ப்ளகின் தொகுப்பா ஓ மை ஸீஷெல், ப்ராம்ப்ட் அலங்காரத்துக்கு பவர்லெவல்10கே.

பிரச்சினை நாலு. புது டெப் திறந்தா ப்ராம்ப்ட் (கமாண்ட் அடிக்கிற வரி) வர 2 செக்கன் கிட்ட எடுக்குது. கரண்ட் போய் ரவுட்டர் ஓஃப் ஆனா எஸ்எஸ்எச் (சேர்வருக்குள்ள போற தொடுப்பு) அப்படியே உறைஞ்சு போகுது, ஓடிக்கொண்டிருந்த மைக்ரேஷனுக்கு (டேட்டாபேஸ் அமைப்ப மாத்துற வேலை) என்ன நடந்ததுண்டு தெரியாது. அப்படி அறுந்த பிறகு சேர்வர்ல அடிச்ச கமாண்டெல்லாம் ஹிஸ்டரியில இல்ல. கடைசியா, கிட் ஸ்டேட்டஸ்ல தமிழ் ஃபைல் பேரெல்லாம் வெறும் இலக்கமா வருது.

ஃபிஷ் எண்ட ஷெல்லுக்கு மாறச் சொல்றாங்க, ஸ்டார்ஷிப் எண்ட ப்ராம்ப்ட் போடச் சொல்றாங்க, ஸெல்லிஜ் (டெர்மினல ஜன்னலாப் பிரிக்கிறது), அட்டுயின் (ஹிஸ்டரி கருவி) எண்டு பட்டியல் நீளுது. எதை முதல்ல போடுறது?

கொட்டாஞ்சேனை ஷெல்

தம்பி, நீங்க சொன்ன நாலுல ஒண்டு கூட ப்ராம்ப்ட்ட மாத்தித் தீர்ற விஷயம் இல்ல. அதனால ஸ்டார்ஷிப்பக் கடைசியில வைங்க. லைன் அறுந்தாலும் வேலை சாகாம இருக்கணும், அது முதல். அடிச்சது தொலையக் கூடாது, அது ரெண்டாவது. தேடுறது கெதியா நடக்கணும், அது மூணாவது. நிறமும் ஐகனும் அதுக்குப் பிறகு.

2 செக்கன் விஷயத்த ஊகிக்காம அளந்து பாருங்க. டைம் கமாண்டோட ஸீஷெல்ல ஹைஃபன் ஐ, ஹைஃபன் சி, எக்ஸிட் எண்டு ஓட்டினா மொத்தக் கணக்கு வரும். எந்த வரி தின்னுதுண்டு பார்க்க, ஸீஷெல் ஆர்சி (ஸீஷெல் தொடங்குறப்ப வாசிக்கிற அமைப்பு) ஃபைல்ட முதல் வரியில ஸீமொட்லோட் கொண்டு ஸீப்ரொஃப் மொட்யூல ஏத்தி, கடைசி வரியில ஸீப்ரொஃப் எண்டு மட்டும் எழுதுங்க. புது டெப் திறந்தா அட்டவணை வரும். நோட் ஆக்கள்ட அட்டவணையில மேல நிக்கிறது பெரும்பாலும் என்விஎம், நோட் வேர்ஷன மாத்துற கருவி. அது ஒவ்வொரு டெப்புக்கும் முழு ஸ்கிரிப்டையும் வாசிச்சு, டிஃபோல்ட் நோட் வேர்ஷன் எதுண்டு தேடுது. ஓ மை ஸீஷெல்ட என்விஎம் ப்ளகின்ல லேஸி எண்டு ஒரு தெரிவு இருக்கு, அத ஓன் பண்ணுங்க. இல்லாட்டி என்விஎம்ம விட்டுட்டு எஃப்என்எம்முக்குப் போங்க, அது ரஸ்ட்ல எழுதின ஒரே பைனரி, கெதியா ஏறும். ரெண்டாவது இடத்தில கொம்ப்இனிட் (கமாண்டத் தானா நிரப்புற வசதியத் தொடங்குறது) நிண்டா, அத எத்தனை தரம் கூப்பிட்டிருக்கீங்கண்டு பாருங்க. ஓ மை ஸீஷெல் தானாவே ஒருதரம் கூப்பிடும். வேறொரு கருவிட வழிகாட்டியில இருந்து ஒட்டின வரி இன்னொருதரம் கூப்பிடும்.

பவர்லெவல்10கேட இன்ஸ்டன்ட் ப்ராம்ப்ட் இந்தத் தாமதத்த மறைக்கும், குறைக்காது. ப்ராம்ப்ட் வந்த மாதிரி இருக்கும், அடிச்சா எழுத்து பிந்தி விழும். அதோட அந்தப் ப்ரொஜெக்ட்ட முகப்பிலேயே புது வசதி எதுவும் வராது, பெரும்பாலான பிழைகள் திருத்தப்படாதுண்டு எழுதிப் போட்டிருக்கு. இருக்கிறது ஓடுதுண்டா உடனே கழட்டத் தேவையில்ல, புதுசா அமைக்கிறவங்க மட்டும் யோசிங்க.

வெள்ளவத்தை 6

டபிள்யூஎஸ்எல்லில வேற ஒரு திருடன் இருக்கு, அதை ஒருத்தரும் பார்க்கிறேல்ல. விண்டோஸின்ர பாத் (கமாண்டுகளைத் தேடுற ஃபோல்டர் பட்டியல்) முழுவதையும் லினக்ஸின்ர பாத்தோட அது தானாச் சேர்க்கும். ஒவ்வொரு எழுத்து அடிக்கேக்கயும் ஸீஷெல்லின்ர சின்டெக்ஸ் ஹைலைட்டிங் ப்ளகின் அந்தக் கமாண்ட் இருக்குதோ எண்டு பாக்கும். அப்ப விண்டோஸ் ஃபோல்டர்களுக்குள்ளயும் போய்த் தேடும். அந்தப் பாதை மெதுவானது.

ஈடிசி ஃபோல்டருக்குள்ள டபிள்யூஎஸ்எல் டொட் கொன்ஃப் எண்ட ஃபைலில, சதுர அடைப்புக்குள்ள இன்டரொப் எண்டு எழுதி, கீழ அப்பெண்ட் விண்டோஸ் பாத் எண்டதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லா எழுதி ஃபோல்ஸ் எண்டு குடுங்கோ. பிறகு பவர்ஷெல்லில டபிள்யூஎஸ்எல் இரட்டை ஹைஃபன் ஷட்டவுன் அடிச்சுத் திரும்பத் திறவுங்கோ. வெறும் டெப்பை மூடித் திறந்தால் மாறாது. இதால ஒரு பக்க விளைவு இருக்கு: விஎஸ் கோடைத் திறக்கிற கோட் கமாண்ட் வேலை செய்யாமல் போகும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் கையால பாத்தில சேர்த்தால் சரி.

ப்ரொஜெக்ட் எங்க இருக்கு? எம்என்டி ஃபோல்டருக்குக் கீழ சி ட்ரைவிலயோ? அப்படியெண்டால் எந்தக் கருவியைப் போட்டாலும் பிரயோசனமில்லை. கிட் ஸ்டேட்டஸ், என்பிஎம் இன்ஸ்டோல், ரிப்கிரெப் (ஃபைலுக்குள்ள சொல் தேடுற கருவி) எல்லாம் அங்க இழுக்கும். லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு க்ளோன் பண்ணுங்கோ. ஸ்டார்ஷிப் போட்ட ஆக்கள் கமாண்ட் டைம்அவுட் எண்டு எச்சரிக்கை வந்தால் அந்த 500 மில்லி செக்கனைக் கூட்டிவிடுவினம். அது நோயை விட்டிட்டுக் காய்ச்சல்மானியை மாத்திற வேலை. ரெப்போவை இடம் மாத்தினால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் நிண்டிடும்.

தெஹிவளை_நோட்

ஓம் அண்ணா, சி ட்ரைவிலதான் இருந்தது. மாத்திட்டன். ஸீப்ரொஃப்ல என்விஎம்தான் முதல், கொம்ப்இனிட் ரெண்டு தரம். ரெண்டையும் சரி பண்ணின பிறகு டெப் கால் செக்கனுக்குள்ள வருது. கரண்ட் போற விஷயத்துக்கு?

மருதானை நெட்வேர்க்

அதுக்கு நான் சொல்றன், ஏனெண்டா இங்க பிழை லெப்டொப்ல இல்ல. ரவுட்டர் ஓஃப் ஆனதும் ஃபோன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுவீங்க. அப்ப உங்கட ஐபி முகவரி மாறிடும். எஸ்எஸ்எச் ஓடுற டிசிபி தொடுப்பு பழைய முகவரியோட கட்டுப்பட்டது, திரும்ப ஒட்டாது. உறைஞ்ச திரையில என்டர் அடிச்சு, பிறகு டில்டா, பிறகு முற்றுப்புள்ளி. இந்த மூணையும் வரிசையா அடிச்சா செத்த தொடுப்பு உடனே விடும், டெப்ப மூடத் தேவையில்ல. தானா விடணுமெண்டா உங்கட எஸ்எஸ்எச் கொன்ஃபிக்ல சேர்வர் அலைவ் இன்டர்வல் 30 எண்டு போடுங்க. பதில் வராட்டி 3 தரம் பார்க்கும், ஒண்டரை நிமிஷத்தில அறுத்துடும். சும்மா இருக்கிற தொடுப்ப மொபைல் நெட்வேர்க் நடுவில வெட்டாம இருக்கவும் அது உதவும்.

கொன்ட்ரோல் மாஸ்டர் போட்டு ஒரே தொடுப்பப் பங்கு போடுறவங்களுக்கு ஒண்டு. நெட் மாறின பிறகு புது எஸ்எஸ்எச்சும் அந்தச் செத்த தொடுப்புக்குள்ளயே போய் மாட்டும். எஸ்எஸ்எச் ஹைஃபன் பெரிய ஓ, எக்ஸிட், சேர்வர் பேர் எண்டு அடிச்சு பழையதக் கொல்லுங்க, பிறகு திரும்பப் போங்க.

இப்ப மைக்ரேஷன். டீமக்ஸ்தான் பதில், தொடுப்பு அறுந்தாலும் செஷன உயிரோட வச்சிருக்கிற கருவி. அதுவும் லெப்டொப்ல இல்ல, சேர்வர்ல. கன பேர் லெப்டொப்ல டீமக்ஸத் திறந்து, அதுக்குள்ள எஸ்எஸ்எச் போய், லைன் அறுந்ததும் டீமக்ஸ் வேலை செய்யலண்டு சொல்றாங்க. எஸ்எஸ்எச் போன பிறகு டீமக்ஸ் நியூ ஹைஃபன் பெரிய ஏ ஹைஃபன் எஸ் மெயின் எண்டு அடிங்க. மெயின் எண்ட செஷன் இருந்தா அதுல ஒட்டும், இல்லாட்டி புதுசா உருவாக்கும். ஹொட்ஸ்பொட்ல வந்து திரும்ப இதையே அடிச்சா மைக்ரேஷன் ஓடினபடி இருக்கும்.

அமைப்பில மூணு வரி போதும். மவுஸ் ஓன். ஹிஸ்டரி லிமிட் 50000, டிஃபோல்ட் 2000 வரிதான், ஒரு பில்ட் லொக்குக்கே காணாது. எஸ்கேப் டைம் 10. உபுண்டு 24.04ல வாறது டீமக்ஸ் 3.4, அதில இது 500 மில்லி செக்கன். விம்ல எஸ்கேப் அடிச்சா அரை செக்கன் நிக்கிறதுக்கு அதுதான் காரணம், சிங்கப்பூர் தூரம் இல்ல.

டீமக்ஸ்ல ஒரு சிக்கல் எல்லாருக்கும் வரும். அறுந்து திரும்ப ஒட்டின பிறகு உள்ள கிட் புல் அடிச்சா பெர்மிஷன் டினைட் எண்டு வரும். ஏஜென்ட் ஃபோர்வர்டிங் (லெப்டொப்ல இருக்கிற எஸ்எஸ்எச் கீய சேர்வர்ல இருந்து பாவிக்கிறது) பாவிக்கிறவங்களுக்கு இது நிச்சயம். பழைய ஷெல் பழைய ஏஜென்ட் சொக்கெட்ட நினைவில வச்சிருக்கு, அந்தச் சொக்கெட் இப்ப இல்ல. அதே செஷனுக்குள்ள புது விண்டோ ஒண்டு திறந்தா அதுக்குப் புது முகவரி கிடைக்கும், அங்க இருந்து புல் பண்ணுங்க.

இன்னொண்டு: சேர்வர் ரீபூட் ஆனா டீமக்ஸும் போகும். ரிசரெக்ட் ப்ளகின் ஜன்னல் அமைப்பத் திரும்பக் கொண்டுவரும், ஓடிக்கொண்டிருந்த வேலைய அல்ல.

பச்சைத் திரை

டீமக்ஸைவிட ஸெல்லிஜ் புதியவர்களுக்கு இலகு. அடுத்து எந்தக் கீயை அழுத்தலாம் என்று திரையின் கீழேயே காட்டிக்கொண்டிருக்கும், மனப்பாடம் தேவையில்லை. ரீபூட்டுக்குப் பிறகு செஷனை மீட்கும் வசதியும் அதனுடனேயே வருகிறது.

மருதானை நெட்வேர்க்

லெப்டொப்ல வச்சுப் பழக ஸெல்லிஜ் நல்லம்தான், அத மறுக்கல. ஆனா அது கொன்ட்ரோல் பி, கொன்ட்ரோல் என், கொன்ட்ரோல் ஓ எல்லாத்தையும் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஷெல்லிலயும் விம்லயும் அதே கீகளுக்கு வேற வேலை இருக்கு. கொன்ட்ரோல் ஜி அடிச்சுப் பூட்டினாத்தான் அதெல்லாம் உள்ள போகும். அதோட உபுண்டு சேர்வர்ல டீமக்ஸ் ஒரு ஏபிடி இன்ஸ்டோல். ஸெல்லிஜ்ஜுக்கு வெளியில இருந்து பைனரி கொண்டுவரணும், கம்பனி சேர்வர்ல அதுக்கு ஒவ்வொரு தரமும் அனுமதி கேக்கணும். உங்கட கையில இல்லாத மெஷின்ல என்ன இருக்குமோ அதப் பழகுங்க.

லைன் அறுறது தினசரி விஷயமெண்டா மோஷ் சேர்த்துப் போடுங்க. 2012ல எம்ஐடியில இருந்து வந்தது. எஸ்எஸ்எச்ல லொகின் பண்ணி, பிறகு யுடிபிக்கு மாறும். ஐபி மாறினாலும் தானா ஒட்டிக்கொள்ளும், லெப்டொப்ப மூடித் திறந்தாலும் அப்படியே நிக்கும். அடிக்கிற எழுத்த சேர்வர்ட பதிலுக்குக் காத்திராம திரையில காட்டும், அதனால சிங்கப்பூர் தூரம் விரலுக்குத் தெரியாது. யுடிபி 60000 தொடக்கம் 61000 வரை சேர்வர்ட ஃபயர்வோல்ல திறக்கணும். அவ்வளவும் திறக்க மாட்டாங்கண்டா, மோஷ் ஹைஃபன் பி 60000:60010 எண்டு குடுத்து பதினொரு போர்ட்டோட முடிக்கலாம். சில ஒபிஸ் நெட்வேர்க் யுடிபிய மொத்தமா மறிக்கும், அங்க மோஷ் ஓடாது.

மோஷ்ல மேல ஸ்க்ரோல் பண்ண ஏலாது, அது இப்ப தெரியிற திரைய மட்டும்தான் வச்சிருக்கும். அதனால மோஷுக்குள்ள டீமக்ஸ், ரெண்டும் சேர்ந்துதான். போர்ட் ஃபோர்வர்டிங்கும் இல்ல. டேட்டாபேஸுக்கு டனல் போடுறதுக்கு தனியா எஸ்எஸ்எச் வேணும்.

கொட்டாஞ்சேனை ஷெல்

ஹிஸ்டரி தொலையிறதும் இதே கதையோட மறுபக்கம்தான். பாஷ் ஹிஸ்டரிய ஃபைல்ல எழுதுறது ஷெல் மூடுறப்ப. உங்கட பக்கம் லைன் அறுந்தது சேர்வருக்குத் தெரியாது, அங்க ஷெல் உயிரோடதான் இருக்கும். லினக்ஸ்ட டிசிபி கீப்அலைவ் 7200 செக்கன், அதாவது 2 மணித்தியாலம் போனாத்தான் முதல் தரம் எட்டிப் பார்க்கும். அதுவரைக்கும் அடிச்சதெல்லாம் நினைவகத்தில மட்டும்.

சேர்வர்ட பாஷ் ஆர்சியில ப்ராம்ப்ட் கமாண்ட் எண்ட மாறிக்கு ஹிஸ்டரி ஹைஃபன் ஏ எண்டு குடுங்க. ஒவ்வொரு கமாண்டும் முடிஞ்ச உடனே ஃபைலுக்குப் போயிடும். அதே ஃபைல்ல உபுண்டு வச்சிருக்கிற ஹிஸ்ட்சைஸ் 1000, ஹிஸ்ட்ஃபைல்சைஸ் 2000 எண்ட ரெண்டு வரியையும் அந்த இடத்திலேயே 100000க்கு மாத்துங்க. ஹிஸ்ட் டைம் ஃபோர்மட்டும் போடுங்க. அதுக்கு முதல் அடிச்சதுக்கு நேரம் பதிவாகி இருக்காது, அதுக்குப் பிறகு சரியா வரும். சேர்வர் யுடிசியில ஓடும், நாங்க அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. யுடிசி 18:45க்கு அடிச்ச டிப்ளோய் எங்களுக்கு அடுத்த நாள் 00:15. திகதியே மாறுது. உங்கட பாஷ் ஆர்சியில மட்டும் டிஸட் மாறிக்கு ஏசியா/கொழும்பு எண்டு குடுக்கலாம், ஆனா அப்ளிகேஷன் லொக் யுடிசியில இருக்கும், ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பார்க்கிறப்ப கவனம். மெஷின்ட நேர வலயத்தத் தொடாதீங்க, க்ரொன் வேலை எல்லாம் நகரும்.

வெள்ளவத்தை 6

ஹிஸ்டரி சேர்ந்தால் பிறகு தேடுறதுக்கு எஃப்இசட்எஃப். எல்லாத்திலயும் இதுக்குத்தான் நான் முதல் வாக்குப் போடுவன். கொன்ட்ரோல் ஆர் ஹிஸ்டரி, கொன்ட்ரோல் டி (ஆங்கில T) ஃபைல், ஒல்ட் சி ஃபோல்டர். சொல்லுக்கு முன்னால ஒற்றை மேற்கோள் போட்டால் அதே எழுத்துக்கோவை இருக்கிறது மட்டும் வரும், ஆச்சரியக்குறி போட்டால் அது இல்லாதது மட்டும். டொக்கர் எண்டு அடிச்சு, இடம் விட்டு, ஆச்சரியக்குறியோட கம்போஸ் எண்டு அடிச்சுப் பாருங்கோ. கம்போஸ் வந்த வரி எல்லாம் மறையும்.

உபுண்டு 24.04 ஆக்கள் எல்லாரும் விழுகிற குழி ஒண்டு இருக்கு. வழிகாட்டியில எஃப்இசட்எஃப் இரட்டை ஹைஃபன் ஸீஷெல் எண்டு ஒரு வரி போட்டிருப்பினம். அது 0.48இல இருந்துதான் இருக்கு. ஏபிடியில வாறது 0.44, அதால தெரியாத ஒப்ஷன் எண்டு பிழை வரும். ஒண்டில் யூஎஸ்ஆர், ஷெயார், டொக், எஃப்இசட்எஃப், எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற கீ பைண்டிங்ஸ் ஃபைலை சோர்ஸ் பண்ணுங்கோ, இல்லாட்டி கிட்டில இருந்து க்ளோன் பண்ணி அதுக்குள்ள இருக்கிற இன்ஸ்டோல் ஸ்கிரிப்டை ஓட்டுங்கோ. நோட் ப்ரொஜெக்ட் எண்டபடியால் ரெண்டாவது நல்லம்: புது வேர்ஷன் நோட் மொட்யூல்ஸைத் தானாத் தவிர்க்கும், பழசு அதுக்குள்ள இருக்கிற ஆயிரக்கணக்கான ஃபைலையும் கொண்டுவந்து கொட்டும்.

ஸொக்ஸைட்டையும் போடுங்கோ. அடிக்கடியும் அண்மையிலயும் போன ஃபோல்டருக்கு ஸீ எண்டு அடிச்சு ரெண்டு மூண்டு எழுத்துக் குடுத்தால் போகும். அதின்ர இனிட் வரி ஆர்சி ஃபைலின்ர கடைசியில, கொம்ப்இனிட்டுக்குப் பிறகு வரவேணும். ஸ்கிரிப்டுக்குள்ள ஸீ பாவிக்காதேயுங்கோ. அது உங்கட பழக்கத்தைப் பார்த்து ஊகிக்கிற கருவி, மற்ற ஆளின்ர மெஷினில வேற இடத்துக்குப் போகும்.

பச்சைத் திரை

ஃபிஷ் பற்றி யாரும் நியாயமாகப் பேசவில்லை. நீங்கள் ப்ளகின் சேர்த்துப் பெறுகிற பரிந்துரையும் நிறமும் ஃபிஷ்ஷில் நிறுவியவுடனேயே இருக்கின்றன. ஆர்சி ஃபைல் வெறுமையாகவே இருக்கலாம். 2025இல் வந்த 4.0 ரஸ்டுக்கு மாற்றி எழுதப்பட்டது. இரட்டை ஆம்பர்சன்ட் வேலை செய்யாது என்பது பழைய கதை, 3.0 தொடக்கம் வேலை செய்கிறது.

இன்றும் இல்லாதது ஹியர்டொக், அதாவது பல வரி உரையைக் கமாண்டோடு சேர்த்தே கொடுக்கும் முறை. ஆவணத்தில் இருந்து அப்படியொரு பாஷ் துண்டை எடுத்து ஒட்டினால் பிழை காட்டும். அந்த நேரம் பாஷ் என்று அடித்து உள்ளே போய் ஒட்டிவிட்டு வெளியே வரலாம். லொகின் ஷெல்லாக மட்டும் ஃபிஷ்ஷை வைக்க வேண்டாம். விண்டோஸ் டெர்மினலின் ப்ரொஃபைலில் அதைத் திறக்கும்படி கொடுத்தால் போதும். ஏதாவது பிழைத்தால் உள்ளே வர பாஷ் மிஞ்சியிருக்கும்.

கொட்டாஞ்சேனை ஷெல்

இது சரியான பேச்சு. சேர்வர்ல பாஷ்தான் எண்டபடியா நான் ஸீஷெல் பக்கம், ரெண்டுட எழுத்துமுறையும் கிட்டக் கிட்ட. ஸீஷெல்ல நிக்கிறீங்கண்டா ஓட்டோசஜெஷன்ஸ், சின்டெக்ஸ் ஹைலைட்டிங் எண்ட ரெண்டு ப்ளகினும் போதும், ஹைலைட்டிங் கடைசியா ஏறணும்.

அட்டுயின் பத்தி ஒரு சொல். ஹிஸ்டரிய எஸ்கியூலைட்ல வச்சு, எந்த ஃபோல்டர்ல அடிச்சது, எவ்வளவு நேரம் ஓடிச்சு, பிழையோட முடிஞ்சதா எண்டெல்லாம் பதிவு பண்ணும். நல்ல கருவி. சிங்க் ஓன் பண்ணினா மற்ற மெஷினுக்கும் போகும், மறைகுறியாக்கித்தான் போகும், அந்தக் கீயத் தொலைச்சா திரும்ப எடுக்க ஏலாது. ஆனா கமாண்டில டோக்கனோ பாஸ்வேர்டோ அடிச்சிருந்தா அதுவும் சேர்ந்து போகும். கம்பனி மெஷின்ல சிங்க் இல்லாம பாவியுங்க. அட்டுயினோ வெறும் பாஷோ, ரகசியம் உள்ள கமாண்டுக்கு முன்னால ஒரு இடைவெளி விட்டு அடிக்கிற பழக்கம் வேணும். உபுண்டு பாஷ்ல அப்படி அடிச்சது பதியாது. ஸீஷெல்ல அதுக்கு ஹிஸ்ட் இக்னோர் ஸ்பேஸ் ஓன்ல இருக்கணும்.

தெஹிவளை_நோட்

அக்கா, மோஷ் போட்டன். மோஷ் சேர்வருக்கு யூடிஎஃப்-8 லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) வேணுமெண்டு சொல்லி நிண்டிடுது. லெப்டொப்ல லேங் மாறியில டிஏ அண்டர்ஸ்கோர் எல்கே, யூடிஎஃப்-8 எண்டு வச்சிருக்கன், தமிழ் தெரியட்டும் எண்டு.

மருதானை நெட்வேர்க்

அதுதான் காரணம். உபுண்டுட எஸ்எஸ்எச் உங்கட லேங் மாறியயும் எல்சி மாறிகளயும் சேர்வருக்குக் கொண்டுபோகும், மோஷும் அனுப்பும். சேர்வர்ல இலங்கைத் தமிழ் லொகேல் உருவாக்கி இருக்காது. அப்ப அது வெறும் ஆஸ்கிக்கு விழும். பெர்ல் எச்சரிக்கை கொட்டுறதும், லெஸ்ல தமிழ் வரி கோண அடைப்புக்குள்ள ஈ0, ஏஈ, 95 எண்டு உடைஞ்சு தெரியிறதும் இதே காரணத்தால. தமிழ் எழுத்து தெரியத் தமிழ் லொகேல் தேவையில்ல, யூடிஎஃப்-8 இருந்தாப் போதும். லெப்டொப்ல சி டொட் யூடிஎஃப்-8 எண்டு மாத்துங்க, உபுண்டு சேர்வர்ல அது எப்பவும் இருக்கும்.

கிட் விஷயம் வேற. ஆஸ்கிக்கு வெளிய இருக்கிற ஒவ்வொரு பைட்டையும் அது எட்டடிமான இலக்கமாக் காட்டும், க எண்ட ஒரு எழுத்து 340, 256, 225 ஆகும். கிட் கொன்ஃபிக் இரட்டை ஹைஃபன் குளோபல், கோர் டொட் கோட்பாத், ஓஃப். அதோட முடிஞ்சுது.

வெள்ளவத்தை 6

தமிழ் எண்டு வந்தபடியால் இதையும் சொல்லிவிடுறன். கொழும்பு எண்ட சொல்லை எடுங்கோ. கண்ணுக்கு நாலு எழுத்து: கொ, ழு, ம், பு. யூனிகோடில எட்டுக் குறி: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. பைட் 24. டபிள்யூசி ஹைஃபன் சி 24 எண்டும், ஹைஃபன் எம் 8 எண்டும் சொல்லும். டெர்மினல் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து எண்டு வைக்கிற சாதனம். புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிகோட் வகைப்படி இடம் பிடிக்காத குறி, மற்ற உயிர்க்குறி எல்லாம் இடம் பிடிக்கிற வகை. இந்தச் சொல்லுக்கு எத்தனை கட்டம் எண்டதில ஷெல்லும் டெர்மினலும் ஒரே கணக்கில இல்லாட்டி கர்சர் தள்ளி நிக்கும், பேக்ஸ்பேஸ் அடிக்க வரி கலங்கும். அலக்ரிட்டி எழுத்துக்களைச் சேர்த்து வடிவமைக்கிறேல்லை, கொம்பு தன்ர இடத்துக்குப் போகாது. கிட்டியும் வெஸ்டேர்மும் ஹார்ஃப்பஸ் பாவிக்கிறதால வடிவம் சரியா வரும், கட்டக் கணக்குச் சிக்கல் அப்பவும் மிஞ்சும். அதால தமிழ் ஃபைல் பேரை அடிக்காமல் கொன்ட்ரோல் டியில தெரிவு செய்யிறதுதான் சுகம்.

இதைவிட மோசமானது தேடல். கொ எண்டதை ஒரே ஒகரக் குறியாவும் எழுதலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்த்து ரெண்டாவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, பைட் வேற. பழைய மேக்கில இருந்து வந்த ஸிப்பில ஃபைல் பேர் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். ஃபைல் பேர் தேடுற எஃப்டி எண்ட கருவியில தேடினால் கண் முன்னால இருக்கிற ஃபைலை இல்லை எண்டும். கொன்வ்எம்வி எண்ட கருவிக்கு ஹைஃபன் எஃப், ஹைஃபன் டி ரெண்டுக்கும் யூடிஎஃப்8 குடுத்து, இரட்டை ஹைஃபனோட என்எஃப்சி எண்டு அடிச்சு ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. அது முதலில என்ன மாத்தும் எண்டு காட்ட மட்டும் செய்யும். இரட்டை ஹைஃபன் நோடெஸ்ட் சேர்த்தால்தான் உண்மையில மாத்தும்.

பச்சைத் திரை

ரிப்கிரெப், எஃப்டி, ஃபைலை நிறத்தோடு காட்டும் பேட் மூன்றையும் ஏபிடியிலேயே எடுக்கலாம். பெயர் மோதுவதால் உபுண்டுவில் எஃப்டி, எஃப்டிஃபைண்ட் என்றும், பேட், பேட்கேட் என்றும் வரும், ஏலியஸ் வைத்துக்கொள்ளுங்கள். கேட் கமாண்டுக்குப் பதில் பேட் என்று ஏலியஸ் வைத்தால், திரையில் இருந்து மவுஸால் கொப்பி பண்ணும்போது வரி இலக்கமும் சேர்ந்து வரும். ஹைஃபன் பி இரண்டு தரம் கொடுத்தால் வெறும் உரை மட்டும் வரும்.

ரிப்கிரெப்பில் ஒன்றை மறந்தால் தவறான முடிவுக்குப் போய்விடுவீர்கள். கிட்இக்னோரில் உள்ளவற்றையும், புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்களையும், பைனரிகளையும் அது சொல்லாமலே தவிர்க்கும். ஒரு ஏபிஐ கீ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, எங்குமில்லை என்று பதில் வரும். அது டொட் என்வ் ஃபைலில் இருக்கும். ஹைஃபன் யூ ஒருதரம் கொடுத்தால் கிட்இக்னோரைப் பார்க்காது, இரண்டு தரம் மறைந்ததும் சேரும், மூன்று தரம் பைனரியும் சேரும். இல்லை என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய தேடலுக்கு இரண்டு யூவாவது வேண்டும்.

தெஹிவளை_நோட்

லொகேல் மாத்தின உடனே மோஷ் ஏறிட்டுது. கிட்ல தமிழும் தெரியுது. ஸ்டார்ஷிப் மட்டும் வச்சுப் பார்த்தன், ஐகன் எல்லாம் பெட்டி பெட்டியா வருது. நேர்ட் ஃபொன்ட்ட (ஐகன் சேர்ந்த எழுத்துரு) உபுண்டுக்குள்ள இன்ஸ்டோல் பண்ணிட்டன்.

வெள்ளவத்தை 6

எழுத்தை வரையிறது விண்டோஸ் டெர்மினல், உபுண்டு இல்லை. ஃபொன்ட்டை விண்டோஸ் பக்கத்தில இன்ஸ்டோல் பண்ணி, ப்ரொஃபைலின்ர தோற்றப் பக்கத்தில அதைத் தெரிவு செய்யுங்கோ. உபுண்டுக்குள்ள போட்டதைக் கழட்டிவிடலாம்.